ஆறாவது குஞ்சு காயும் வரை

கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் போகிற ரோட்டில் எத்தனையோ ஷேர் ஆட்டோ ஓடுகிறது. ஏறுகிறவரிடம் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்காமல், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிற டிரைவர் இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஒருவர்தான். மாவட்டம் என்ன மாவட்டம், இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவருக்கு நாலுகட்டம் என்று பெயர். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் லைசென்ஸில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. டிராஃபிக் போலீஸ்காரரே, "யோவ் நாலுகட்டம், ஓரமா போ" என்றுதான் சொல்வார்.

எனக்கு வேலை செங்கல்பட்டில், ஓர் அலுவலகத்தில் கிளார்க். வீட்டுக்காரருக்கு ஓ.எம்.ஆரில் வேலை என்பதால் குடியிருப்பு கேளம்பாக்கத்தில். ஆகவே தினமும் காலை எட்டு மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து, வண்டலூரில் இறங்கி, மின்சார ரயில் ஏறி, ரேகை வைக்கிற மெஷினுக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றால்தான் எனக்குச் சம்பளம். இப்படி ஓடுகிற ஒரு பொம்பளையை நிறுத்தி உயிரியல் கேள்வி கேட்டால் அவளுக்குக் கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

நாலுகட்டம் வண்டியில் சீட்டு, படிப்பைப் பொறுத்துத்தான் கிடைக்கும். உயிரியல் படித்தவர்கள் முன்னால், அவர் பக்கத்தில். கம்ப்யூட்டர், காமர்ஸ், சிவில் எல்லாம் பின்னால், முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு. கண்ணாடிக்கு மேலே ஒரு சிலேட்டு தொங்கும். அதில் ஒரு சதுரம் போட்டு, குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு இழுத்து நாலாக்கி வைத்திருப்பார். மேலே சேவல், பக்கவாட்டில் கோழி, உள்ளே நாலு கட்டத்திலும் பிறக்கப்போகிற குஞ்சுகள். சிக்னலில் வண்டி நின்றால் போதும், சாக்பீஸை எடுத்துவிடுவார். பச்சை விழுந்து பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்து, குடும்பத்தையே திட்டி முடித்த பிறகுதான் வண்டி நகரும்.

மாம்பாக்கத்தில் ஏறிய ஓர் அம்மா அந்தச் சிலேட்டைப் பார்த்து இவரை ஜோசியர் என்று நினைத்துவிட்டார். பெண்ணுக்கு இரண்டு வருஷமாக வரன் தட்டிப் போகிறதாம். பையிலிருந்து ஜாதகத்தை எடுத்து நீட்ட, இவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அதெல்லாம் வேண்டாம், அப்பன் கலரையும் ஆத்தா கலரையும் மட்டும் சொல்லுங்கள், பிறக்கிறது எந்தக் கலர் என்று நான் சொல்கிறேன் என்றார். அந்த அம்மா அடுத்த வளைவிலேயே இறங்கி வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்.

எனக்கு ஆரம்பத்திலேயே விஷயம் புரிந்துவிட்டதால், நான் சரித்திரம் படித்தவள் என்று ஒரு பொய்யைச் சொல்லி மூன்று மாதம் பின் சீட்டில் நிம்மதியாகப் போய்வந்தேன். கூட வருகிற நர்ஸ் ஒருத்தி ஒருநாள் சாதாரணமாக, "அக்கா பி.எஸ்ஸி. பாட்டனிதானே நீங்க?" என்று கேட்டுத் தொலைத்தாள். கண்ணாடியில் அவர் கண் என்மேல் திரும்பியதை நான் பார்த்தேன். வண்டி ஓரமாக நின்றது. என்னை முன் சீட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் கிளப்பினார்.

"இன்னா மேடம், மூணு மாசமா சரித்திரம்னு உதார் வுட்டுகினு இருந்தீங்களே" என்றார். கோபமாக இல்லை, மனசு நொந்து சொன்னார். அப்புறம் எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வியை என்னிடமும் கேட்டார். "நீலக் கோழிக்கும் நீலச் சேவலுக்கும் பொறந்த குஞ்சு ஏன் மேடம் நீலமா இல்ல?"

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேளம்பாக்கம் ஃபிளாட் ஒன்றில் இருந்த ஒரு பையன் வெளிநாடு கிளம்பும்போது, மாடியில் வளர்த்த பேன்டம் கோழிகளில் இரண்டு ஜோடியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். பேன்டம் என்றால் குட்டி ஜாதி, புறாவைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும், அவ்வளவுதான். நாலும் நீலம். நீலம் என்றால் பேனா மை நீலம் இல்லை, மழை மேகக் கலர். பார்த்தால் கையில் எடுக்கத் தோன்றும். அதில் ஒரு ஜோடியை இவர், தன் மனைவி கஸ்தூரியின் அண்ணன் புது வீடு கட்டிக் குடிபோனபோது சீராகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அண்ணன் கடப்பாக்கத்தில் இருக்கிறார். சவுக்குத் தோப்பு, வேர்க்கடலைக் கொல்லை, ஒரு டிராக்டர் என்று வசதியானவர். அப்போதுதான் மகளுக்குக் கல்யாணம் முடித்திருந்தார். சம்பந்தி வீட்டார் வந்தபோது நீலக் கோழிகளைப் பார்த்து மயங்கிப்போய், குஞ்சு பொரித்தால் எங்களுக்குத் தரவேண்டும் என்று கேட்டார்கள். மொத்தமும் உங்களுக்குத்தான், எல்லாம் அசல் நீலம் என்று அண்ணனும் வாக்குக் கொடுத்துவிட்டார். எட்டுக் குஞ்சு பொரித்தது. நாலு நீலம், இரண்டு கருப்பு, இரண்டு அங்கங்கே மை தெளித்த மாதிரி வெள்ளை. சம்பந்தி குனிந்து பார்த்து, "அட, நம்ம தெருக்கோழியும் நடுவுல பூந்துட்டாப்புல கீது" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சம்பந்தி சிரித்தால் சும்மாவா? பெண்ணைக் கொடுத்தவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லையாம். மறுநாளே நாலு நீலத்தை வைத்துக்கொண்டு, கருப்பையும் வெள்ளையையும் ஒரு கூடையில் போட்டுத் துணி கட்டி, ஆள் மூலம் கேளம்பாக்கத்துக்கு அனுப்பினார். கூடவே சேதி. பாலில் தண்ணீர் கலக்கிறவனைப் பார்த்திருக்கிறேன், கோழியில் கலப்படம் பண்ணுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன், இனிமேல் அந்த வீட்டு உறவு வேண்டாம்.

பாவம் கஸ்தூரி. ஒரு வருஷமாகப் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் மகளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் மாசம் என்று யாரோ சொல்லித்தான் தெரிந்தது. ஒன்பதாம் மாசம் வளைகாப்பு. அத்தைக்காரிக்கு அழைப்பு உண்டா என்பது யாருக்கும் தெரியாது. ஆனாலும் கஸ்தூரி இரண்டு டஜன் பச்சை வளையல் வாங்கிப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். அதை ஒருநாள் எதற்கோ பீரோவைக் குடைந்தபோது பார்த்துவிட்டுத்தான் நாலுகட்டம் சிலேட்டு வாங்கினார்.

நான் பி.எஸ்ஸி. அல்லவா, விடுவேனா? பட்டாணிச் செடி வளர்த்து ஆராய்ச்சி பண்ணிய பாதிரியார் கதையைச் சொல்லி, மூன்றுக்கு ஒன்று என்று ஒரு கணக்கும் சொன்னேன். நாலில் மூன்று நீலம் வரும், ஒன்றுதான் மாறும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். தன் வீட்டில் மீதியிருந்த நீல ஜோடியின் முட்டைகளை அதுவரை ஆம்லெட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார்களாம். கலவரம் வந்தபிறகு ஆம்லெட்டை நிறுத்திவிட்டு அடை வைத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவை பொரித்ததிலும் பாதிதான் நீலம். மீதியில் கருப்பும் வெள்ளையும் ஏறக்குறைய சமம். என் பாதிரியார் கணக்கு அந்த நோட்டில் ஒரு பக்கத்தில்கூட இல்லை.

"பட்டாணி சாமியார் கோழி வளக்கல போல மேடம்" என்றார். வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த நர்ஸ்தான் அதிகமாகச் சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கே பட்டத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம்.

விடையைச் சொன்னவள் பொத்தேரியில் படிக்கிற ஒரு பெண். காதில் இரண்டு பக்கமும் பாட்டைச் செருகிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் வருகிறவள். ஒருநாள் முன் சீட்டில் மாட்டிக்கொண்டாள். பாட்டைக் கழற்றினாள், சாக்பீஸை வாங்கினாள், நாலு கட்டத்தையும் இரண்டு நிமிஷத்தில் நிரப்பினாள். இந்தக் கலரில் யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை, கருப்பை வெளுக்க வைக்கிற சங்கதி ஒன்று இருக்கிறது, அது ஒரு பங்கு வந்தால் நீலம், இரண்டு பங்கு வந்தால் வெள்ளை என்றாள்.

அவர் சிலேட்டைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி சிலேட்டைப் பார்த்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. அப்புறம் மெதுவாக, "அப்போ நீலம்னு தனியா ஒரு கலரே கெடையாதா பாப்பா? டிகாஷன்ல ஒரு கரண்டி பால் வுட்டா நீலம். ரெண்டு கரண்டி வுட்டா வெள்ள. வுடலன்னா கருப்பு. அவ்ளோதானே?" என்றார். அந்தப் பெண் அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள். எங்கள் புத்தகத்தில் இதைச் சொல்லப் பல பக்கம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

அப்புறம் எல்லாம் அவரே போட்டார். நீலத்திடம் இருப்பது ஒரே ஒரு கரண்டி பால். அதைக் குஞ்சுக்குக் கொடுத்தாலும் கொடுக்கும், கொடுக்காமலும் விடும். தகப்பனும் தாயும் இரண்டு பேருமே கொடுத்துவிட்டால் வெள்ளை, இரண்டு பேருமே கையை விரித்துவிட்டால் கருப்பு, ஒருத்தர் மட்டும் கொடுத்தால் நீலம். அதனால் நீலமும் நீலமும் சேர்ந்தால் எந்தக் காலத்திலும் எல்லாம் நீலமாக வராது. கலப்படம் எங்கேயும் நடக்கவில்லை. சரி, அப்படியானால் எல்லாமே நீலமாக வர என்ன செய்யவேண்டும்? வெள்ளையிடம் இரண்டு கரண்டி இருக்கிறது, ஆகவே அது கட்டாயம் ஒன்று கொடுத்தே தீரும். கருப்பிடம் ஒன்றுமே இல்லை, கேட்டாலும் கொடுக்காது. அப்போது ஒவ்வொரு குஞ்சுக்கும் சரியாக ஒரே ஒரு கரண்டி.

இரத்தினமங்கலம் தாண்டி நடுரோட்டில் ஒரு பிரேக் போட்டார் பாருங்கள், பத்துப் பேர் மண்டையும் முன்னால் போய் இடித்தது. அண்ணன்காரர் கேவலமென்று கூடையில் கட்டித் திருப்பி அனுப்பினாரே, அந்தக் கருப்பும் வெள்ளையும்தான் தேவை. கஸ்தூரி அதுகளுக்குக் கம்பும் பொட்டுக்கடலையும் போட்டு மாடியில் வளர்த்து வைத்திருந்தாள். கருப்பில் ஒன்று சேவல், வெள்ளையில் ஒன்று கோழி. இரண்டும் பருவத்துக்கு வந்திருந்தன. வெள்ளைக் கோழி கொஞ்ச நாளாகத் தனிக் கூண்டில்தான் இருந்தது, வேறு சேவல் பக்கமே போகவில்லை, ஆகவே முட்டையில் வேறு கலப்புக்கு வழியில்லை. நெற்றி வீங்கியிருந்தாலும் நானும் கைதட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடப்பாக்கம் போனோம். படித்தவர் ஒருவர் சாட்சிக்கு வரவேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். வண்டியில் முன்னால் அவர், பின்னால் நான், கஸ்தூரி, இரண்டு கூடை. மாமல்லபுரத்தில் டீக்கு நிறுத்தினால், சிற்பம் பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் சிற்பத்தை விட்டுவிட்டுக் கூடையைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தது. இவர் அவர்களுக்கு டிகாஷன் கணக்கை ஆரம்பித்துவிட்டார். கஸ்தூரி டீயைக் கையிலேயே வைத்திருந்தாள், குடிக்கவில்லை.

அண்ணன் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடி தங்கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலுகட்டம் இரண்டு கூடையையும் கேட்டுக்கு முன்னால் இறக்கி வைத்தார்.

"மச்சான், நான் உள்ள வர்ல. இந்த ரெண்டையும் நீயே வச்சுக்கோ. உன் கூண்டு, உன் பூட்டு, உன் சாவி. பொறக்கறது அத்தினியும் நீலமா இருக்கும். ஒண்ணு மாறினாலும் இந்தப் பக்கம் நான் தலவச்சுப் படுக்கல. அத்தினியும் நீலமா இருந்தா என் பொண்டாட்டிய வளைகாப்புக்குக் கூப்புடணும். எனக்கு வேற ஒண்ணும் வோணாம்."

அண்ணன் கூடைத் துணியை விலக்கிப் பார்த்தார். "கருப்பும் வெள்ளையும் சேந்து நீலம் பொறக்குமா? யார்கிட்ட கத வுட்ற மாப்ள?" என்றார். ஆனால் கூடைகளை உள்ளே எடுத்துக்கொண்டார். தோற்கட்டும், நன்றாகத் தோற்கட்டும் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

அந்தக் கூண்டுக்கு அவர் போட்ட பாதுகாப்பை நீங்கள் தேர்தல் சமயத்தில் ஓட்டுப்பெட்டிக்குத்தான் பார்த்திருப்பீர்கள். இரண்டு பூட்டு. சாவி அரைஞாண் கயிற்றில். கோழி முட்டை போட்டதும் அவரே எடுத்து, அதில் பென்சிலால் கையெழுத்துப் போட்டு வைத்தாராம். ஏழு முட்டை சேர்ந்ததும் தன் வீட்டு நாட்டுக்கோழியை அடை வைத்தார். இதெல்லாம் அப்போது பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அவர் மகள் ரகசியமாகப் போனில் அத்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருபத்தோராம் நாள் காலை. கஸ்தூரியால் வீட்டில் உட்கார முடியவில்லை என்று அவளையும் வண்டியில் ஏற்றி வந்திருந்தார். அன்றைக்குச் சிலேட்டு இல்லை, கேள்வியும் இல்லை. மாம்பாக்கம் வரும்போது போன் அடித்தது. வீடியோ கால். வண்டியை ஓரம் கட்டி, போனை ஸ்டியரிங்குக்கு முன்னால் நிறுத்தி வைத்தார். பின் சீட்டில் இருந்தவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிப் பார்த்தோம். மகள் போனைப் பிடித்திருக்கிறாள், அண்ணன் கூடைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு குஞ்சாக எடுத்துக் காட்டினார். ஒன்று, நீலம். இரண்டு, நீலம். மூன்று, நாலு, ஐந்து, எல்லாம் நல்ல புகைக்கலர். ஏழாவது கூமுட்டையாம், பொரிக்கவில்லை. ஆறாவது அப்போதுதான் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அதை எடுத்துக் காட்டினார்.

கருப்பு. கரிக்கட்டை மாதிரி கருப்பு.

"பாத்துக்கினியா மாப்ள?" என்றார் அண்ணன். அந்தக் குரலில் ஒரு வருஷத்துக் கோபமும் இருந்தது. கஸ்தூரி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

நாலுகட்டம் போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "அது ஈரமா கீது மச்சான்" என்றார். "காயட்டும்."

அண்ணன் சிரித்தார். காய்ந்தால் கருப்பு வெளுத்துவிடுமா என்று கேட்டார். ஆனால் சட்டப்படி நடக்கிற மனுஷன், மறுக்கவில்லை. குஞ்சைத் தாய்க்கோழிக்கு அடியில் விட்டார். போனை அணைக்க வேண்டாம் என்று இவர் கேட்டுக்கொண்டார்.

நாங்கள் மாம்பாக்கம் ஓரத்தில் நின்றோம். பத்துப் பேரில் ஒருவர்கூட இறங்கி வேறு வண்டி பிடிக்கவில்லை. நர்ஸ் டியூட்டிக்குப் போன் போட்டு வயிற்றுவலி என்றாள். பொத்தேரிப் பெண் பாட்டைக் கழற்றிவிட்டு நகத்தைக் கடித்தாள். என் ரயில் போயே போய்விட்டது. ரேகை மெஷின், மேலதிகாரி, மெமோ எல்லாம் ஒரு நிமிஷம் நினைவுக்கு வந்தது, எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பின்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்து விசாரித்து, அவர்களும் நின்றுவிட்டார்கள். ஒரு குஞ்சு காய்வதற்கு இத்தனை நேரமா என்று எனக்கு அந்தக் கோழிமேலேயே கோபம் வந்தது.

கடைசியில் மகள்தான் குனிந்து, குஞ்சை எடுத்து வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். உள்ளங்கையில் அது பஞ்சு மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. மற்ற ஐந்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் இல்லை.

"அத்த, நீலம் அத்த" என்றாள்.

அப்புறம் மாம்பாக்கத்தில் எழுந்த சத்தத்தை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆட்டோக்காரர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். பொத்தேரிப் பெண்ணை நர்ஸ் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் யாரையோ கட்டிப்பிடித்தேன், யார் என்று இன்றுவரை தெரியவில்லை. போனில் அண்ணன் ஒரு குஞ்சையும் விடாமல் மறுபடி மறுபடி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டுப் பூட்டைப் பார்த்தார், அரைஞாண் கயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு போனை மகளிடமிருந்து வாங்கினார்.

"கஸ்தூரி" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "புதங்கெழம காத்தாலயே வந்துடு. அத்தக்காரி இல்லாம யாரு மொத வளையல் போடறது? அவனையும் இட்டுகினு வா."

கஸ்தூரி தலையை ஆட்டினாள். வண்டலூர் வரை நாலு ஷேர் ஆட்டோ வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு போனதை அந்தப் பக்கத்து ஜனங்கள் ஏதோ கட்சி ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள். அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் தாமதத்துக்கு மேலதிகாரி விளக்கம் கேட்டார். நானும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஆறாவது குஞ்சு சேவலா கோழியா என்று கேட்டார்.

வளைகாப்புக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கஸ்தூரி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து முதல் வளையலைப் போட்டாள். போடும்போதே அழுதாள், அந்தப் பெண்ணும் அழுதாள், சம்பந்தி அம்மாவும் எதற்கென்று தெரியாமல் அழுதார். வெளியே கொல்லையில் நாலுகட்டம் சம்பந்தியை உட்காரவைத்து, தரையில் குச்சியால் கோடு கிழித்து விளக்கிக்கொண்டிருப்பார் என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. பந்தலுக்கு வெளியே ஒரு தென்னை மரத்தில் சாய்ந்து, ஜன்னல் வழியாகக் கஸ்தூரியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணனே போய்த் தோளில் கை போட்டு அழைத்துவந்து முதல் பந்தியில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். வாய் ஓயாத அந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. சர்க்கரைப் பொங்கல் பரிமாறின பெண்ணைக் கூப்பிட்டு, அவர் இலையில் இன்னொரு தரம் வைக்கச் சொன்னேன். அவர் வேண்டாம் என்று கையைக் குறுக்கே நீட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.